சிஸ்டர், குழந்தை எப்படி இருக்கு?

பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நடக்கும் உரசல்கள் பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். வடசென்னையிலிருந்துதான் அதிகம் வந்தன. வீட்டார் ஒரு பக்கம், செவிலியர் ஒரு பக்கம் என்று இரு தரப்பும் குமுறியிருக்கிறார்கள். இந்தப் பிரிவுகளில் நெடுநாள் வேலை பார்த்துவரும் செவிலியர்கள் சேர்ந்து பதில் சொல்கிறார்கள். கேட்டவர்கள் பெயரையும் மருத்துவமனைகளின் பெயரையும் தவிர்த்திருக்கிறோம்.

என் தம்பி குழந்தை எட்டாம் மாதத்தில் பிறந்து இன்குபேட்டர் பெட்டியில் இருக்கிறது. "எப்படி இருக்கு சிஸ்டர்" என்று கேட்டாலே "டாக்டரைக் கேளுங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவார்கள்?
— குழந்தையின் அத்தை, திருவொற்றியூர்

முகத்தைத் திருப்புவது தப்பு. அதற்கு நாங்கள் வக்காலத்து வாங்கப் போவதில்லை. ஆனால் "எப்படி இருக்கு" என்ற கேள்விக்கு செவிலியரிடம் பாதுகாப்பான பதில் கிடையாது. "நல்லா இருக்கு" என்று சொல்லி, ராத்திரி குழந்தை மூச்சை நிறுத்திவிட்டால், "நேத்து நல்லா இருக்குன்னுதானே சொன்னீங்க" என்று மறுநாள் வந்து நிற்பீர்கள். "சுமார்தான்" என்றால் அங்கேயே அழுகை. பிழைக்குமா, ஸ்கேனில் என்ன தெரிகிறது, எப்போது வீட்டுக்கு விடுவார்கள் என்பதெல்லாம் மருத்துவர் சொல்ல வேண்டியவை.

செவிலியர் தாராளமாகச் சொல்லக்கூடியதைக் கேளுங்கள். "இன்னிக்கு எடை எவ்வளவு? ஒரு வேளைக்கு எத்தனை மில்லி பால் போகுது, ட்யூபிலா பாலாடையிலா? மூச்சுக்கு என்ன வெச்சிருக்கீங்க, நேத்தைவிடக் கூட்டியிருக்கா குறைச்சிருக்கா? சிறுநீர், மலம் போச்சா?" இந்த நாலும் எங்கள் தாளில் எழுதியே இருக்கும், அரை நிமிடத்தில் சொல்லிவிடலாம். அன்றன்று ஒரு நோட்டில் குறித்துவைத்தால் மருத்துவர் வரும்போது உங்கள் கேள்வியும் கூர்மையாக இருக்கும். ஒன்று மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்: முதல் சில நாள் எடை குறையத்தான் செய்யும். நிறைமாதக் குழந்தைக்கு 10 சதவீதம் வரை, குறைமாதக் குழந்தைக்கு 15 சதவீதம் வரைகூடக் குறையலாம். பிறந்த எடைக்குத் திரும்ப இரண்டு வாரம் ஆகும்.

அடுத்தது, யார் கேட்பது? ஒரு செவிலியர் கையில் மூன்று நான்கு குழந்தைகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மணிக்கொரு முறை பால், வெப்பம் பார்ப்பது, மருந்து பம்ப், ஈரத்துணியை எடைபோட்டு சிறுநீர்க் கணக்கு எழுதுவது. நடுவில் ஒரே குழந்தைக்கு அத்தை, சித்தப்பா, பக்கத்து வீட்டு அக்கா என்று ஆறு பேர் தனித்தனியாக வந்தால் ஏழாவதாக வருபவருக்கு எரிச்சல்தான் கிடைக்கும். அம்மா கேட்கட்டும். அவரால் முடியாதபோது அப்பா. மற்றவர்கள் அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். டியூட்டி மாறும் நேரத்தில் வராதீர்கள்; பெரும்பாலும் அது காலை ஏழு, மதியம் ஒன்று, இரவு ஏழு மணியை ஒட்டி இருக்கும். ஒரு சிஸ்டர் இன்னொருவரிடம் மருந்தும் பாலும் ஒப்படைக்கும் அந்த வேளையில் கவனம் சிதறினால் ஒரு டோஸ் விட்டுப்போகும்.

நாலு புள்ள பெத்து வளத்தவ நான். பேரனுக்குச் சேனை வைக்க விடமாட்டேங்கறாங்க. ஒரு சொட்டு சர்க்கரைத் தண்ணி தொட்டு வெச்சா இன்னா கெட்டுப்பூடும்?
— ஒரு பாட்டி, காசிமேடு

பாட்டி, நிறைமாதக் குழந்தைக்கே அது தேவையில்லை. முதல் நாள் குழந்தையின் இரைப்பை மிகக் கொஞ்சம்தான் கொள்ளும். சர்க்கரைத் தண்ணீர் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டால் சீம்பாலுக்கு இடமில்லை. உங்கள் பேரன் குறைமாதம் என்றால் பேச்சே வேறு. குறைமாதக் குடல் மெல்லிசு. அதில் கிருமி புகுந்தால் வயிறு வீங்கி, குடலே அழுகிப்போகும் ஒரு நோய் வரும். ஆபரேஷன் வரைக்கும் போகும்.

தேன் வைப்பவர்கள் உண்டு. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் விதை, குழந்தையின் குடலில் முளைத்து நச்சை உண்டாக்கும். உடம்பு துவண்டு, மூச்சு நிற்கும் அளவுக்குப் போகலாம். ஒரு வயது வரை தேன் கூடவே கூடாது. தெருவில் சங்கில் கறந்து தரும் கழுதைப்பால் காய்ச்சாத பால், அதில் என்ன கிருமி இருக்கிறதென்று கறப்பவருக்கும் தெரியாது. உரைமருந்தும் இதே கதைதான்: வசம்பும் மாசிக்காயும் எந்தக் கல்லில் உரைத்தோம், எந்தத் தண்ணீர் விட்டோம் என்பதிலேயே தொற்று வந்துவிடும்.

எங்களுக்கு நிஜமாகவே கோபம் வருவது கொடுத்ததற்குக்கூட இல்லை, கொடுத்துவிட்டு மறைப்பதற்கு. இரைப்பைக்குள் போகும் ட்யூப் வழியாக அவ்வப்போது உறிஞ்சிப் பார்ப்போம். பழுப்பாகவோ கலங்கலாகவோ ஏதாவது வந்தால், தொற்றோ ரத்தக்கசிவோ என்று சந்தேகப்பட்டு மருத்துவர் பாலை நிறுத்துவார், எக்ஸ்ரே எடுப்பார், ரத்தம் எடுப்பார், ஆன்டிபயாடிக் தொடங்குவார். உண்மையில் அது யாரோ நாக்கில் தடவிய உரைமருந்தாக இருக்கும். கொடுத்திருந்தால் என்ன, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று சிஸ்டரிடம் சொல்லிவிடுங்கள். திட்டு விழும், விழட்டும். சிகிச்சை சரியாகப் போகும்.

சாங்கியத்துக்கு ஒரு வழி இருக்கிறது. தாயின் சீம்பாலையே சுத்தமான பஞ்சில் தொட்டு, குழந்தையின் இரண்டு கன்னத்தின் உட்புறமும் தடவுவது இப்போது பல பிரிவுகளில் சிகிச்சையாகவே நடக்கிறது. பக்கத்துக்கு 0.1 மில்லிதான், அதாவது இரண்டே துளி. வாய்வழிப் பால் இன்னும் தொடங்காத குழந்தைக்கும் செய்யலாம். மருத்துவர் சரி என்றால் தாய் கையால் அதைச் செய்யட்டும், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள்.

மானிட்டர் கத்திக்கொண்டே இருக்கிறது. சிஸ்டர் நிதானமாக வந்து ஒரு பட்டனை அமுக்கிவிட்டுப் போகிறார். பெற்ற வயிறு பற்றி எரிகிறது.
— ஒரு தந்தை, வியாசர்பாடி

அந்த நிதானமான நடையில் அவர் மூன்றைப் பார்த்துவிட்டார்: நெஞ்சு ஏறி இறங்குகிறதா, உதடு எந்த நிறம், பாதத்தில் சிவப்பு விளக்கு எரியும் பட்டை ஒழுங்காக ஒட்டியிருக்கிறதா. குழந்தை காலை உதைத்தாலே அந்தப் பட்டை நழுவி, எண் தடாலென்று இறங்கிக் கத்தும். கத்தும் அலாரங்களில் கணிசமானவை இந்த வகைதான்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. ஆக்ஸிஜன் வைத்திருக்கும் குறைமாதக் குழந்தைக்கு ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு 90 முதல் 95 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். 100 காட்டினால் சந்தோஷப்படாதீர்கள். அதிக ஆக்ஸிஜன் கண்ணின் விழித்திரையைக் கெடுக்கும். அதனால்தான் 95-ஐத் தாண்டினாலும் மிஷின் கத்துகிறது. ஆக்ஸிஜன் இல்லாமல் சாதாரணக் காற்றில் மூச்சு விடும் குழந்தைக்கு 100 காட்டினால் தவறில்லை.

குறைமாதக் குழந்தை மூச்சை மறப்பது உண்டு. 20 விநாடிக்கு மேல் நிறுத்தினாலோ, அதோடு இதயத் துடிப்பு இறங்கினாலோ உடனே பாதத்தைத் தட்டுவோம், முதுகைத் தடவுவோம். அப்போது நாங்கள் ஓடுவோம், நீங்களே பார்ப்பீர்கள். ஒரு வேண்டுகோள்: சத்தம் தாங்கவில்லை என்று நீங்களாக அலாரத்தை அணைக்காதீர்கள். அடுத்து வருவது நிஜ அலாரமாக இருந்தால் எங்களுக்குக் கேட்காது.

எனக்குப் பால் வரவில்லை. "எங்கம்மா பாலு" என்று எல்லார் முன்னாலும் சிஸ்டர் சத்தம் போடுகிறார். மாமியார் பவுடர் பால் வாங்கிவிடலாம் என்கிறார்.
— ஒரு தாய், கொருக்குப்பேட்டை

முதலில் சிஸ்டருக்குச் சொல்கிறோம். பாலை வெளியே தள்ளும் சுரப்பு பயத்திலும் அவமானத்திலும் அடங்கிப்போகும். சத்தம் போட்டுப் பால் வரவழைக்க முடியாது.

இனி உங்களுக்கு. "வரவில்லை" என்று சொல்லும் பெரும்பாலான தாய்மாருக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது. அளவு பற்றிய எதிர்பார்ப்புதான் தவறு. முதல் நாள் ஒரு முறை பீய்ச்சினால் சில துளிகள்தான் வரும். பாத்திரத்தின் அடியில் மஞ்சளாக ஒட்டியிருக்கும் அந்தத் துளியை நாங்கள் சிரிஞ்சில் உறிஞ்சி எடுத்துக்கொள்வோம். ஒன்றேகால் கிலோ குழந்தைக்கு ஆரம்பத்தில் ஒரு வேளைக்கு இரண்டு மில்லி போதும் என்கிற நிலையும் உண்டு. 3 முதல் 5 நாளுக்குள் பால் கட்டத் தொடங்கும். அதுவரை கைவிட்டால்தான் நிஜமாகவே வற்றும்.

பிரசவமான முதல் சில மணி நேரத்திலேயே தொடங்குங்கள். இருபத்து நாலு மணி நேரத்தில் எட்டு முறையாவது எடுக்க வேண்டும். ராத்திரி இரண்டு மூன்று மணி வாக்கில் ஒரு முறை கட்டாயம், சுரப்பு அப்போது தூக்கலாக இருக்கும். பகலில் ஆறு முறை எடுத்துவிட்டு ராத்திரி முழுக்கத் தூங்குவதுதான் பால் குறைய முதல் காரணம். கையை சோப்புப் போட்டுக் கழுவி, வெந்நீரில் பிழிந்த துணியை மார்பில் ஒத்தி, விரல்நுனியால் மெல்லச் சுற்றி நீவிவிடுங்கள். காம்பிலிருந்து சுமார் 3 செ.மீ. தள்ளி மேலே கட்டைவிரல், கீழே ஆள்காட்டி விரல். முதலில் நெஞ்சை நோக்கிப் பின்னால் அழுத்தி, அப்புறம் இரண்டு விரலையும் சேர்த்து அமுக்கி, விட வேண்டும். காம்பைப் பிடித்து இழுத்தாலோ, தோல்மேல் விரலை வழித்தாலோ வலிதான் மிஞ்சும். ஒரு பக்கம் ஐந்து நிமிடம், மறுபக்கம் ஐந்து நிமிடம் என்று மாற்றி மாற்றி இருபது முப்பது நிமிடம். குழந்தை பக்கத்தில் உட்கார்ந்து எடுத்தால் இன்னும் சுலபம்; முடியாவிட்டால் குழந்தைக்குச் சுற்றியிருந்த துணியை மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூடியுள்ள சிறு எவர்சில்வர் கிண்ணத்தைக் கொதிக்கவைத்துப் பயன்படுத்துங்கள். உங்கள் பெயர், தேதி, எடுத்த மணி எழுதி ஒட்டுங்கள். நம்மூர் வெயிலில் வெளியே நாலு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். வார்டு ஃப்ரிட்ஜில் கொடுத்துவிடுங்கள். பெயர் ஒட்டாத பாலை நாங்கள் கீழே ஊற்றத்தான் வேண்டும், அதில் இரக்கம் காட்ட முடியாது. ஒருவர் பால் இன்னொருவர் குழந்தைக்குப் போய்விடக் கூடாது.

பத்தியம் என்ற பேரில் ரொட்டியும் ரசமும் மட்டும் கொடுத்து, "தண்ணி குடிச்சா வயிறு போடும்" என்று தாகத்தோடு வைத்திருக்கும் வீடுகளைப் பார்க்கிறோம். தாகம் எடுத்தால் குடியுங்கள், பசித்தால் சாப்பிடுங்கள். பால்சுறா புட்டு தாராளமாகச் சாப்பிடலாம், நல்ல புரதம். ஆனால் மார்பைக் காலி செய்யாமல் புட்டு மட்டும் பால் சுரக்க வைக்காது. பவுடர் பால் கடைசி வழி. அதற்கு முன்னால், பால் வங்கியில் 62.5 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கிப் பதப்படுத்திய தானப் பால் கிடைக்குமா என்று மருத்துவரைக் கேளுங்கள்.

வளைகாப்பு வளையலைக் கழற்றினால்தான் உள்ளே விடுவேன் என்பது என்ன நியாயம்?
— ஒரு சித்தி, பழைய வண்ணாரப்பேட்டை

வளையலுக்கும் தோலுக்கும் நடுவில் சோப்பு போகாது. முழங்கைக்குக் கீழே வளையல், மோதிரம், வாட்ச், காப்புக்கயிறு எதுவும் கூடாது. தாலிக்கயிற்றைக் கழற்ற வேண்டாம், உள்ளே செருகிக்கொண்டால் போதும். உள்ளே நுழையும்போது முழங்கை வரை இரண்டு நிமிடம் கழுவ வேண்டும். கழுவிய கையால் போனைத் தொட்டால் மறுபடி முதலிலிருந்து.

நான் புதிதாகச் சேர்ந்த ஸ்டாஃப் நர்ஸ். எட்டாம் மாதத்தில் பெற்றதற்காக மருமகளைக் கட்டிலருகிலேயே மாமியார் திட்டுகிறார். "இவ ராசி அப்படி" என்கிறார். வீட்டு விஷயத்தில் நான் தலையிடலாமா?
— தண்டையார்பேட்டை

வார்டுக்குள் நடந்தால் அது உங்கள் விஷயம்தான். அழுதுகொண்டிருக்கும் தாயிடமிருந்து பால் குறையும், அவர் குழந்தையைப் பார்க்க வருவதும் குறையும். அதோடு குழந்தையின் எடையும் நிற்கும். ஆனால் மாமியாரோடு சண்டைக்குப் போகாதீர்கள். நீங்கள் டியூட்டி முடிந்து போனபின் அந்தக் கோபமும் மருமகள் தலையில்தான் இறங்கும்.

மாமியாரை மட்டும் ஓரமாக அழைத்துச் சொல்லுங்கள்: "அம்மா, முன்னாடியே பிறக்கிறதுக்குப் பிரஷர் ஏறுறது, பனிக்குடம் உடையறது, தொற்று, ரெட்டைப் புள்ளைன்னு பல காரணம் உண்டு. பாதிப் பேருக்குக் காரணமே தெரியாது. இவங்க செஞ்சது எதுவும் இல்ல." கேஸ் ஷீட்டில் குறிப்பிட்ட காரணம் எழுதியிருந்தால் அதை மருத்துவரைக்கொண்டு சொல்ல வையுங்கள், அவர் வாயால் வந்தால் எடுபடும். அடுத்த நிமிடமே அவருக்கு ஒரு வேலை கொடுங்கள். பால் கிண்ணத்தைக் கொதிக்கவைப்பது, மருமகளின் மூன்று வேளைச் சாப்பாடு, எட்டு முறைப் பால் எடுக்கும் நேரத்தை நோட்டில் எழுதுவது. திட்டுகிற பல பாட்டிமார் பயத்தில்தான் திட்டுகிறார்கள். கையில் வேலை வந்தால் பாதி அடங்கிவிடும். குடும்பத்தாரைப் பராமரிப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று மத்திய சுகாதார அமைச்சகமே 2017-ல் வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. அதைச் சலுகையாக நினைக்க வேண்டாம்.

தாய் இரண்டு நாள் வரவே இல்லை, அல்லது பெண் குழந்தை என்று தெரிந்தபின் வீட்டார் வருவது நின்றுவிட்டது என்றால் காத்திருக்காதீர்கள். அன்றே மருத்துவரிடமும் வார்டு பொறுப்புச் செவிலியரிடமும் சொல்லி, குறிப்பேட்டில் எழுதிவிடுங்கள்.

தினமும் ரத்தம் எடுக்கிறார்கள். இருக்கிற ரத்தமே அதுதானே? கையும் வீங்கிக் கிடக்கிறது.
— தாய்மாமன், மணலி

நியாயமான கேள்வி. ஒரு கிலோ எடைக்குக் குழந்தையின் உடம்பில் 80 முதல் 90 மில்லி ரத்தம்தான் இருக்கும். ஒரு பரிசோதனைக்கு அரை மில்லி, ஒரு மில்லி என்று எடுத்தாலும் கணக்கு ஏறும். அதனால்தான் எடுத்த ரத்தத்தை எழுதிவைப்போம். சேர்த்து எடுக்க முடிகிற பரிசோதனைகளை ஒரே குத்தில் எடுப்பதுதான் நல்ல வழக்கம். "இன்னிக்கு எந்த டெஸ்டுக்கு, எவ்வளவு?" என்று நீங்கள் கேட்டால் யாரும் கோபப்படக் கூடாது.

வீக்கத்துக்கு வேறு காரணம். மஞ்சள் நிற 24 அல்லது ஊதா நிற 26 எண் ஊசிக்குழாய்தான் போடுவோம். அவ்வளவு சிறிய நரம்பு ஒன்றிரண்டு நாளில் தாங்காமல் கசிந்துவிடும். உடனே எடுத்துவிட்டு அந்தக் கையைக் கொஞ்சம் உயர்த்தி வைத்தால் வடியும். தோல் வெளுத்தோ கறுத்தோ கொப்புளமாகவோ தெரிந்தால் மட்டும் அந்த நொடியே கூப்பிடுங்கள். சில மருந்துகள் கசிந்தால் சதையையே அரித்துவிடும். இதில் உங்கள் கண்ணும் எங்களுக்குத் தேவை.

மஞ்சள் காமாலைக்கு நீல லைட்டு எதற்கு? காலை வெயிலில் காட்டினால் போதாதா?
— ஒரு பாட்டி, கொடுங்கையூர்

போதாது. ரத்தத்தில் மஞ்சள் நிறத்தை உண்டாக்கும் பிலிருபின் அளவு ஏறியபின் வெயிலை நம்பி உட்கார்ந்தால், அது மூளையில் படிந்து காது கேட்காமல், கைகால் முறுக்கி வாழ்நாள் ஊனமாகிவிடும். வெயிலில் அம்மணமாக வைத்தால் குழந்தை சூடாகும் அல்லது சில்லிட்டுவிடும், அது தனி ஆபத்து. பிறந்து 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலோ, உள்ளங்கை உள்ளங்கால் வரை இறங்கினாலோ அன்றே மருத்துவமனை.

லைட்டின் அடியில் இருக்கும்போது வீட்டார் செய்வதைச் சொல்கிறோம். குளிருமே என்று மேலே துணி போர்த்துகிறார்கள். போர்த்திய இடத்தில் சிகிச்சை நடக்காது. பாவமாக இருக்கிறதென்று கண்கட்டை அவிழ்க்கிறார்கள். பால் கொடுக்க எடுத்துவிட்டு முக்கால் மணி நேரம் மடியில் வைத்துக்கொண்டு போட்டோ அனுப்புகிறார்கள். பால் குடித்து முடித்ததும் திரும்ப வைத்துவிட வேண்டும். மலம் பச்சையாக, தண்ணியாகப் போகும். பிலிருபின் வெளியேறுகிறது என்று அர்த்தம், பயப்படாதீர்கள்.

பீரோவில் அந்துருண்டை போட்டு வைத்த பழைய வேட்டியையும் புடவையையும் குழந்தைக்குச் சுற்றாதீர்கள். ஜி-6-பிடி என்னும் நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அந்த வாடையே ரத்த அணுக்களை உடைத்து, மஞ்சளை விர்ரென்று ஏற்றிவிடும். துவைத்து நல்ல வெயிலில் உலர்த்திய, உருண்டை படாத பருத்தித் துணி போதும்.

அப்பாவும் சட்டையைக் கழற்றிவிட்டுக் குழந்தையை வெற்று நெஞ்சில் வைத்துக்கொள்ள வேண்டுமாம். வெட்கமாக இருக்கிறது. பெட்டி தட்டுப்பாட்டுக்குத்தானே இது?
— ஒரு தந்தை, எண்ணூர்

1978-ல் கொலம்பியாவின் பொகோட்டாவில் பெட்டி தட்டுப்பாட்டில்தான் இது தொடங்கியது, உண்மை. ஆனால் 2022-ல் உலக சுகாதார நிறுவனம், பெட்டி வசதி உள்ள இடத்திலும் குறைமாதக் குழந்தைக்கு இதைப் பிறந்த உடனே தொடங்கி, நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம் கொடுக்கச் சொல்லிவிட்டது. காரணம், குழந்தைகள் சாவது குறைகிறது.

குளித்துவிட்டு வாருங்கள். நெஞ்சில் சென்ட், பவுடர் வேண்டாம். சளி, தோல்நோய் இருந்தால் அன்று வேண்டாம். புகைத்துவிட்டு வரவே வராதீர்கள். குழந்தைக்குக் குல்லா, காலுறை, நாப்கின் மட்டும். நெஞ்சின் நடுவில் நிமிர்த்தி, கைகால் மடங்கி, தலை ஒரு பக்கம் திரும்பி, கழுத்து சற்று நிமிர்ந்திருக்க வேண்டும். தாடை நெஞ்சில் முட்டினால் மூச்சு அடைக்கும். மென்மையான லுங்கியாலோ சேலையாலோ சுற்றிக் கட்டி, சாய்ந்து உட்காருங்கள். ஒரு தடவைக்கு ஒரு மணி நேரமாவது. அதற்குக் குறைந்தால் எடுத்து வைப்பதில் படும் தொந்தரவுதான் மிச்சம். உங்களுக்கு வியர்த்தால் ஃபேன் போடலாம், நேராகக் குழந்தைமேல் காற்று படக் கூடாது. வெட்கம் முதல் பத்து நிமிடம்தான்.

தனியாரில் இனி செலவு தாங்காது. எழுதிக் கொடுத்துவிட்டு ஆட்டோவில் எழும்பூர் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விடலாம் என்கிறார்கள் உறவினர்கள்.
— புதுவண்ணாரப்பேட்டை

ஆட்டோ வேண்டாம். புதுவண்ணாரப்பேட்டையிலிருந்து எழும்பூர் போவதற்குள் ஒரு சின்னக் குழந்தை சில்லிட்டுப்போக நேரம் தாராளம். காசு இல்லை என்பதை மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள், அதில் அவமானம் ஒன்றுமில்லை. சண்டை போட்டு எழுதிக் கொடுத்தால் "சொந்தப் பொறுப்பில்" என்ற ஒற்றை வரியோடு வெளியே நிற்பீர்கள். பேசி மாற்றினால் முழுக் கடிதம் கிடைக்கும்.

அரசு மருத்துவமனையில் நோயுற்ற பச்சிளங்குழந்தைக்குச் சிகிச்சை, மருந்து, ரத்தம், போக்குவரத்து எல்லாம் இலவசம்; 2011-ல் வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தில் முதல் 30 நாளுக்கு என்று தொடங்கி, பின்பு ஒரு வயது வரை நீட்டித்தார்கள். இப்போதிருக்கும் மருத்துவமனையிலிருந்தே, போகும் இடத்தில் படுக்கை உண்டா என்று மருத்துவர் போன் செய்து கேட்கட்டும். 108-க்கும் அங்கிருந்தே அழைத்து, பச்சிளங்குழந்தைக்கான வண்டி வேண்டும் என்று குறிப்பிட்டுக் கேட்க வேண்டும். கடிதத்தில் பிறந்த நேரம், எடை, எத்தனை வாரக் கர்ப்பத்தில் பிறந்தது, பிறந்ததும் அழுததா, கொடுத்த மருந்துகள் அளவோடும் நேரத்தோடும், கடைசியாகப் பால் கொடுத்த மணி, தாயின் ரத்த வகை எல்லாம் இருக்கிறதா என்று கிளம்புமுன் பாருங்கள். எக்ஸ்ரே ஃபிலிம்களையும் வாங்கிக்கொள்ளுங்கள். தாயும் கூடப் போவது நல்லது. சிசேரியன் ஆகி எழ முடியவில்லை என்றால், அவரது ரத்தம் இரண்டு மூன்று மில்லி பெயர் எழுதிய குப்பியில் கூடப் போகட்டும். குழந்தைக்கு ரத்தம் ஏற்ற நேர்ந்தால் பொருத்தம் பார்க்க உதவும்.

டிஸ்சார்ஜ் அன்று சிஸ்டருக்கு எவ்வளவு கொடுப்பது வழக்கம்?
— பெரம்பூர்

ஒரு பைசாவும் வேண்டாம். குழந்தையைக் காட்டக் காசு, ஆண் குழந்தைக்குக் கூடுதல் ரேட் என்று யார் கேட்டாலும் கண்காணிப்பாளரிடம் தேதி, ஷிஃப்டோடு எழுத்தில் கொடுங்கள். எங்களில் ஒருவராக இருந்தாலும் சரி.

குழந்தை இறந்தபோது பத்துப் பேர் உள்ளே புகுந்து கண்ணாடியை உடைத்தார்கள். இனி அந்த வார்டில் எப்படி வேலை பார்ப்பது?
— ஒரு செவிலியர், வடசென்னை

மருத்துவமனை ஊழியர்மீதான வன்முறைக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2008-லேயே தனிச் சட்டம் இருக்கிறது. பிணையில் வர முடியாத குற்றம். புகார் கொடுக்கத் தயங்காதீர்கள். நிர்வாகமே கொடுக்க வேண்டும் என்று வற்புறுத்துங்கள்.

அடுத்த முறைக்கு ஒன்று. அடிதடி பெரும்பாலும் சாவுச் செய்திதான் முதல் செய்தியாக வரும் இடத்தில் நடக்கிறது. குழந்தை சரியத் தொடங்கிய உடனே பெற்றோரை உள்ளே அழைத்து, நடப்பதைக் கண்ணால் பார்க்க விடுங்கள். மருத்துவர் உட்கார்ந்து, பக்கத்தில் நீங்கள் இருக்க, "இறந்துடுச்சு" என்றே சொல்லட்டும். "ரொம்பக் கஷ்டம்மா" என்றால் இன்னும் உயிர் இருப்பதாகத்தான் அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். ட்யூப், பிளாஸ்திரி எல்லாம் எடுத்து, துடைத்து, சுத்தத் துணியில் சுற்றிக் கையில் கொடுங்கள். "இன்னொண்ணு பெத்துக்கலாம்" மட்டும் வேண்டாம்.

வீட்டார் தாயிடம் மறைக்கச் சொல்வார்கள். மேல்மாடியில் தையல் வலியோடு படுத்துக்கொண்டு, இல்லாத குழந்தைக்குப் பால் பீய்ச்சி அனுப்பும் தாய்மார் உண்டு, அந்தக் கிண்ணத்தைக் கையில் வாங்கும் செவிலியரும் உண்டு. அந்தப் பொய்க்கு உடன்படாதீர்கள். கணவனும் மருத்துவரும் சேர்ந்து அன்றே சொல்லட்டும். மார்பு கட்டினால் குளிர்ந்த ஒத்தடம், இறுக்கமில்லாத தாங்கும் உள்ளாடை, வலி தணியும் அளவுக்கு மட்டும் பீய்ச்சுவது. முழுதாகக் காலி செய்தால் மேலும் சுரக்கும். காய்ச்சலும் சிவப்பும் வந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள்.

வீட்டுக்கு வந்தாயிற்று, குழந்தை நன்றாகப் பார்க்கிறது. கண் பரிசோதனைக்கு வா வா என்று போன் செய்கிறார்கள். அவசியமா?
— ஒரு தாய், எர்ணாவூர்

அவசியம். எங்கள் பெரிய ஆதங்கமே இதுதான்: மாதக்கணக்கில் காப்பாற்றி அனுப்பிய குழந்தை கண்ணுக்கு வராமல் போவது. 34 வாரத்துக்கு முன்போ, 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்திருந்தால், பிறந்து 30 நாளுக்குள் விழித்திரையைப் பார்த்தாக வேண்டும். 28 வாரத்துக்கு முன்போ 1,200 கிராமுக்குக் கீழோ என்றால் இன்னும் முன்னதாக, இரண்டு மூன்று வாரத்தில். விழித்திரையில் ரத்தக்குழாய்கள் தாறுமாறாக வளர்வதை வெளியிலிருந்து யாராலும் பார்க்க முடியாது. விளக்கைப் பார்த்துச் சிரிக்கும் குழந்தைக்கும் இருக்கலாம். லேசர் தேவைப்பட்டால் இரண்டு மூன்று நாளுக்குள் செய்ய வேண்டும், தள்ளிப்போட்டால் பார்வை போய்விடும்.

பரிசோதனைக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து பால் வேண்டாம், வாந்தி எடுத்துப் புரையேறலாம். கண்ணின் கருமணியை விரிக்கச் சொட்டு மருந்து விட்டுக் காத்திருக்கச் சொல்வார்கள். குழந்தை அழும், பார்ப்பது சில நிமிடம்தான். முடிந்ததும் பால் கொடுக்கலாம். எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் இலவசம். ஒரு முறை "சரி" என்று சொன்னாலும் விழித்திரை முழுதாக வளரும் வரை ஒன்றிரண்டு வாரத்துக்கொரு முறை திரும்ப வரச் சொல்வார்கள். வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் கண் தேதியும் காது பரிசோதனைத் தேதியும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்தச் சீட்டோடு வார்டுக்கே போய் எழுதி வாங்குங்கள், போன் நம்பர் மாறியிருந்தால் அதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.